நோட்டீஸ் வந்த பிறகு

(ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வருமான வரி பற்றிப் பேசுங்கள் என்று கல்லூரியிலிருந்து கேட்டார்கள். நான் சட்டத் தத்துவம் படித்தவன் இல்லை. ஆடிட்டர் ஆபீஸ் வைத்துப் பிழைத்தவன். ஆகவே என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர்கள் கேட்ட கேள்விகளையே இன்றைக்கு உங்கள் முன் வைக்கிறேன். ஆசிரியர், பனியன் கம்பெனி சூப்பர்வைசர், லாரி உரிமையாளர், நிலத்தை விற்ற விவசாயி, கணவரை இழந்த அம்மா என்று பல தரப்பட்டவர்கள் அவர்கள். பெரும்பாலானோர் வரி ஏய்ப்பவர்கள் இல்லை. ஆனால் அவர்களில் பலர் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. அது வந்து ஓராண்டு, ஈராண்டு ஆகியிருந்தது. அதற்கு யாரும் பதில் எழுதியிருக்கவில்லை.

நான் பார்த்த வரிப் பாக்கிகளில் பெரும் பகுதி இப்படித்தான் பெரிதானது. முதலில் வந்த தொகை சமாளிக்கக் கூடியதாக இருந்திருக்கும்; சில வேளை முழுக்கத் தவறான தொகையாகவே இருந்திருக்கும். பயந்து ஒளித்து வைத்ததால் வட்டி ஏறியது, அப்பீல் நாள் கடந்தது, ரீஃபண்ட் பிடிபட்டது, கடைசியில் வங்கிக் கணக்கு முடங்கியது. சட்டம் சாமானியனுக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்புகள் எல்லாம், அவன் வாய் திறந்து கேட்டால் மட்டுமே வேலை செய்யும்படி எழுதப்பட்டிருக்கின்றன. இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

ஒரு பழைய சுற்றறிக்கையை முதலில் நினைவூட்டுகிறேன். 1955 ஏப்ரல் 11 அன்று நேரடி வரிகளை நிர்வகித்த மத்திய வாரியம் தன் அதிகாரிகளுக்கு அனுப்பியது. எண் 14. வரி செலுத்துபவர் தன் உரிமைகளை அறியாமல் இருந்தால் அந்த அறியாமையை அதிகாரி தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தக் கூடாது, அவருக்கு உரிய சலுகையையும் ரீஃபண்டையும் கேட்டுப் பெற உதவ வேண்டும் என்பது அதன் சாரம். இன்று வரை நீதிமன்றங்கள் இதை எடுத்துக் காட்டித் தீர்ப்பு எழுதுகின்றன. வரியைப் பற்றி நம் நாட்டில் எழுதப்பட்ட மிக நாகரிகமான ஆவணம் இது என்பது என் எண்ணம். எத்தனை அலுவலக மேசைகளில் இது உயிரோடு இருக்கிறது என்பது வேறு கேள்வி. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நம் சென்னைக்கும் வருமான வரிக்கும் தொடக்கத்திலேயே ஒரு தொடர்பு உண்டு. 1857 எழுச்சியை அடக்கச் செலவான பணத்தை ஈடுகட்ட, 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்த நாட்டுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தார். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன், புதிய வரி போடுவதை விட்டுச் செலவைக் குறையுங்கள் என்று எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் தன் குறிப்பை வெளியிட்டும் விட்டார். அதற்காகவே அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆக, வருமான வரிக்கு முதல் ஆட்சேபணைக் கடிதங்களில் ஒன்று எழுதப்பட்டது இந்த மாநகரத்தில்தான்.

இனி இன்றைய கேள்விகள். பிரிவு எண்களை 1961 வருமான வரிச் சட்டத்தின்படியே சொல்கிறேன். 2025இல் நிறைவேறிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளின் பாக்கிகளைப் பழைய சட்டத்தைக் கொண்டுதான் தீர்க்க வேண்டும்.

அடிக்கடி வரும் கேள்வி: “பேங்க்லதான் வட்டியில வரி புடிச்சுட்டாங்களே சார், மறுபடியும் எதுக்குக் கட்டணும்?” ஓய்வு பெற்றவர்கள் கேட்பது இது. எஃப்டி வட்டியில் வங்கி பிடிப்பது 10 சதவீதம். உங்கள் மொத்த வருமானம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. பழைய வரி முறையில் 20 சதவீத அடுக்கில் இருக்கும் ஒருவருக்கு 3 லட்சம் வட்டி வந்தால் வங்கி 30,000 பிடிக்கும். உண்மையில் அந்த வட்டிக்கு உரிய வரி, செஸ் உட்பட, 62,400. மீதி 32,400ஐ அவர் கட்ட வேண்டும். ரிட்டர்னில் அந்த வட்டியைக் காட்டாமல் விட்டால், ஏஐஎஸ் எனப்படும் தகவல் அறிக்கையில் அது ஏற்கெனவே பதிவாகியிருப்பதால், கேள்வி கேட்டு நோட்டீஸ் வரும். 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கு ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் வங்கி பிடிக்கும், மற்றவர்களுக்கு 50,000ஐத் தாண்டினால். பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது. வங்கி ஊழியர் நீட்டினார் என்று 15ஹெச் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறீர்களே, “என் வருமானத்துக்கு வரியே வராது” என்ற உறுதிமொழி அது. படித்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது 12 லட்சம். “12 லட்சம் வரைக்கும் வரியே இல்லன்னு டிவியில சொன்னாங்க.” 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில் வரியில்லா எல்லை 4 லட்சம்தான். அதற்கு மேல் 12 லட்சம் வரை வரி கணக்கிடப்பட்டு, 60,000 வரையான தள்ளுபடியால் அது பூஜ்யமாகிறது. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவு சேர்ந்து 12.75 லட்சம் ஆகிறது. இதிலிருந்து இரண்டு சங்கதிகள் பிறக்கின்றன. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். இன்னொன்று, பங்குச் சந்தை லாபம் போன்று தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது. செல்போனில் பங்கு வாங்கி விற்கும் இளைஞர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். 12 லட்சத்தைப் பத்தாயிரம் தாண்டிவிட்டால் அறுபதாயிரம் கட்ட வேண்டுமே என்று பதறுகிறவர்களும் உண்டு. அப்படி இல்லை. விளிம்பு நிவாரணம் இருக்கிறது. தாண்டிய பத்தாயிரத்துக்கு மேல் வரி போகாது. அதன் மேல் செஸ் மட்டும் சேரும்.

மொய்ப் பணத்தைப் பற்றிக் கேட்காத ஊரே இல்லை. இதைச் சற்று நின்று சொல்கிறேன். கல்யாணத்தில் மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு, யார் கொடுத்தாலும், வரி கிடையாது. ஆனால் இந்த விலக்கு திருமணத்துக்கு மட்டும்தான், அதுவும் யாருக்குத் திருமணமோ அவருக்கு மட்டும்தான். காதுகுத்து, புதுமனை புகுவிழா, சடங்கு ஆகியவற்றுக்குப் பொருந்தாது. இவற்றில் உறவினர் அல்லாதவர் கொடுத்த பணம் ஓராண்டில் மொத்தம் 50,000ஐத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம் ஆகும். உறவினர் என்றால் யார்? சட்டத்தின் பட்டியலும் நம் பட்டியலும் ஒன்றில்லை. சித்தப்பா கொடுத்தால் வரி இல்லை. சித்தப்பா மகன் கொடுத்தால் அவர் சட்டத்தின் கண்ணில் உறவினரே இல்லை. மாமா உறவினர், மாமன் மகன் இல்லை. கூடப் பிறந்தவர்களைப் போல வளர்ந்த பங்காளிகளை இந்தச் சட்டம் அந்நியர் வரிசையில் நிறுத்துகிறது. இது திருத்தப்பட வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் நடக்கும் மொய்விருந்து இன்னும் சிக்கலானது. அங்கே போடுகிற மொய் திரும்பச் செய்ய வேண்டிய கடன். நோட்டில் பேரும் ஊரும் தொகையும் எழுதி, தலைமுறை கடந்தும் திருப்பிச் செய்கிறார்கள். அன்பளிப்பு என்ற பெட்டியிலும் அது அடங்காது, வங்கிக் கடன் மாதிரியும் இருக்காது. மொத்தமாக வங்கியில் போட்டதும் “இது எங்கிருந்து வந்தது” என்ற கேள்வி வரும். சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சம் ரொக்கம் சேர்ந்தால் வங்கி வரித்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த நேரத்தில் உங்களைக் காப்பாற்றப்போவது மொய் நோட்டு. விருந்து முடிந்ததும் அதைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

கைமாத்து இன்னொரு கண்ணி. 20,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்கிறது பிரிவு 269எஸ்எஸ். மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கலாம். 2015 ஜூனிலிருந்து நிலம் விற்பவர் ரொக்கமாக வாங்கும் அட்வான்ஸும் இதற்குள் வந்துவிட்டது. தகுந்த காரணம் காட்டினால் அபராதம் நீங்கும். காரணத்தைக் காட்ட வேண்டியவர் நீங்கள்.

நிலம் என்றதும் ஒரு சொல். கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. நகராட்சி எல்லையிலிருந்து எத்தனை தூரம் என்பதே அளவு: அந்த நகராட்சியின் மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8. பஸ் போகிற தூரம் கணக்கில்லை. நேர்கோட்டில் வான்வழித் தூரம். தாசில்தாரிடம் தூரச் சான்றும் அடங்கலும் விற்கும்போதே வாங்கி வைத்தவர் தப்பித்தார். ஐந்து ஆண்டு கழித்து நோட்டீஸ் வந்தபின், நிலம் வீட்டுமனை ஆகி, அங்கே காம்பவுண்டுச் சுவரும் எழுந்துவிட்ட பிறகு, அது விவசாய நிலமாக இருந்தது என்று நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வரி வரக்கூடிய நிலமாக இருந்து, கணக்குக் காட்டாமல் விட்டிருந்தால், புதுப்பித்த ரிட்டர்ன் என்று ஒரு வழி இருக்கிறது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை, வரியோடு கூடுதலாக 25 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை கட்டி, நாமே முன்வந்து ஒப்புக்கொள்ளலாம். தாமதம் கூடக் கூட இந்த விகிதம் கூடும். துறை உங்களைத் தேடி வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இப்போது நோட்டீஸுக்கு வருகிறேன்.

வந்ததும் முதல் வேலை, அது உண்மையானதா என்று பார்ப்பது. 2019 அக்டோபர் 1 முதல் வரித்துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். விதிவிலக்கான சில சூழல்கள் தவிர, அந்த எண் இல்லாத கடிதம் அனுப்பப்படாததற்குச் சமம். துறையின் இணையதளத்தில் உள்ளே நுழையாமலேயே எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். வாட்ஸாப்பில் வந்து, உடனே பணம் அனுப்பு, இல்லாவிட்டால் கைது என்று மிரட்டுவதெல்லாம் மோசடி. துறை ஒருபோதும் யாருடைய யுபிஐ எண்ணுக்கும் வரி கேட்பதில்லை.

உண்மையானது என்றால் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 143(1) என்றிருந்தால் அது பெங்களூரு மையத்தில் இயந்திரம் சரிபார்த்து அனுப்பிய தகவல். அதைப் பார்த்து இரவெல்லாம் தூங்காதவர்கள் உண்டு. பல சமயம் அதில் “கட்ட வேண்டியது எதுவுமில்லை” என்றுதான் இருக்கும்! பாக்கி என்று ஒரு தொகை இருந்தால் அதைக் கட்ட 30 நாள். இந்த 30 நாளில் செய்ய வேண்டியது ஒன்றே: இந்தத் தொகை சரியா, தவறா என்று தீர்மானிப்பது.

தவறான பாக்கிகளில் மிகக் கொடுமையானதை முதலில் சொல்கிறேன். ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர் வந்தார். சம்பளத்தில் மாதாமாதம் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள், சம்பளச் சீட்டு வைத்திருக்கிறார். கம்பெனி அந்தப் பணத்தை அரசுக்குக் கட்டவே இல்லை. பிறகு கம்பெனியும் மூடிவிட்டது. பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பூஜ்யம். இவருக்கு முழு வரியும் கட்டச் சொல்லி டிமாண்ட். “ரெண்டு தடவை கட்டணுமா சார்?” என்று கேட்டார்.

கட்ட வேண்டாம். பிரிவு 205 அதைத் தடுக்கிறது. வரி பிடிக்கப்பட்ட அளவுக்கு, அதைத் தொழிலாளியிடம் மீண்டும் நேரடியாகக் கேட்கக் கூடாது. 2015 ஜூன் 1 அன்றும் 2016 மார்ச் 11 அன்றும் மத்திய நேரடி வரிகள் வாரியமே இதைத் தன் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்ட பாக்கிக்காக அவருடைய பிற்கால ரீஃபண்டைப் பிடித்துக்கொள்வதும் கூடாது என்றது. பிடித்த பணத்தைக் கட்டாத முதலாளிக்குச் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இருக்கிறது. இத்தனை இருந்தும், பெங்களூரிலுள்ள இயந்திரம் 26ஏஎஸ்ஸை மட்டுமே பார்க்கும். சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்குப் பட்டியலையும் இணைத்து, வாரியத்தின் அந்த இரண்டு கடிதங்களையும் குறிப்பிட்டு, உங்கள் வட்டார அதிகாரிக்கு எழுத வேண்டும். எழுதாதவருக்கு ஆண்டுதோறும் ரீஃபண்ட் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். ஒரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்து அரசின் பெயரால் பிடித்த பணத்துக்கு அரசே பொறுப்பேற்று அவர் கணக்கில் வரவு வைக்கச் சட்டம் மாற வேண்டும் என்று பல மேடைகளில் சொல்லிவருகிறேன். இங்கேயும் சொல்கிறேன்.

இதைவிட எளிய தவறுகளும் உண்டு: பான் எண்ணில் ஒரு எழுத்து மாறியது, கட்டிய வரிக்கு மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகப் போட்டது, வியாபார வருமானம் இல்லாத மூத்த குடிமகனுக்கு அட்வான்ஸ் டாக்ஸ் வட்டி விழுந்தது. இவற்றுக்குப் பிரிவு 154இன் கீழ்த் திருத்த மனு. உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை கொடுக்கலாம். மனு கிடைத்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. அதோடு இணையதளத்தில் நிலுவைப் பாக்கிக்குப் பதில் சொல்லும் இடத்தில் “ஒப்புக்கொள்ளவில்லை” என்று காரணத்தோடு பதிந்துவிடுங்கள். பழைய பாக்கிக்காக ரீஃபண்டைப் பிடிப்பதானால் பிரிவு 245இன்படி முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பதிலுக்கு 21 நாள் தருகிறார்கள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்றே கணினி எடுத்துக்கொள்ளும். இந்த முன்னறிவிப்பு முறையாக நடப்பதற்குக் காரணமே, ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதம்தான். நீதிமன்றம் அதையே பொதுநல வழக்காக எடுத்துக்கொண்டு 2013 மார்ச்சில் விரிவான ஆணைகளைப் போட்டது. வெறும் கடிதம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தொகை சரியாகத்தான் இருக்கிறது, கையில் பணம் இல்லை என்றால்? இந்தக் கேள்வியை வெட்கப்பட்டுக்கொண்டு கேட்பார்கள். வெட்கப்பட எதுவுமில்லை. 30 நாள் முடிவதற்குள் அதிகாரிக்கு மனு எழுதினால், கூடுதல் அவகாசமோ தவணையோ தர அவருக்குப் பிரிவு 220(3) அதிகாரம் தருகிறது. நாள் கடந்தபின் கேட்பவர் அவருடைய பெருந்தன்மையை நம்ப வேண்டி வரும். மனுவில் உண்மையான கணக்கை எழுதுங்கள்: மாத வருமானம், வீட்டு வாடகை, மருத்துவச் செலவு, இருக்கும் கடன், மாதம் எவ்வளவு கட்ட முடியும். முதல் தவணையைக் கட்டி ரசீதையும் இணைத்தால் மனுவுக்கு எடை கூடும். தவணை கிடைத்தாலும் மாதம் 1 சதவீத வட்டி ஓடும். 80,000 பாக்கியை மூன்று ஆண்டு தொடாமல் விட்டால் வட்டி மட்டும் 28,800. தவிர, வரிப் பாக்கி அளவுக்கே அபராதம் போடவும் சட்டத்தில் இடமுண்டு.

இந்த வட்டியைத் தள்ளுபடி செய்யவும் வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பிரிவு 220(2ஏ). மூன்று நிபந்தனைகள்: கட்டினால் மெய்யான கஷ்டம் வரும், கட்டாமல் போனது நம் கையை மீறிய காரணத்தால், விசாரணைக்கு ஒத்துழைத்திருக்கிறோம். 2024 நவம்பர் ஆணைப்படி 50 லட்சம் வரையான வட்டியை முதன்மை ஆணையர் மட்டத்திலேயே குறைக்கலாம். ஓராண்டுக்குள் முடிவு சொல்ல வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தவர், வெள்ளத்தில் கடை போனவர், இவர்களெல்லாம் கேட்டிருக்க வேண்டியவர்கள். கேட்டதில்லை.

வரி விதித்ததே தவறு என்று கருதினால் அப்பீல். 30 நாளுக்குள் ஆணையர் (மேல்முறையீடு) முன் மனு, கட்டணம் வருமானத்தைப் பொறுத்து 250 முதல் 1,000 ரூபாய். ஆனால் அப்பீல் போட்டதாலேயே வசூல் நின்றுவிடாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஸ்டே தனியாகக் கேட்க வேண்டும். 2017 ஜூலை 31இன் அறிவுறுத்தல்படி 20 சதவீதம் கட்டினால் பொதுவாக ஸ்டே கொடுப்பார்கள். அதைவிடக் குறைவாகக் கட்டச் சொல்லியும் ஸ்டே கொடுக்க அதிகாரிக்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே 20 என்பதைக் கல்வெட்டு என்று எண்ணாமல், உங்கள் நிலைமையை விளக்கிக் குறைத்துக் கேளுங்கள்.

எதுவுமே செய்யாவிட்டால்? “ஜெயிலுக்குப் போயிடுவேனா?” என்று நேராகவே கேட்ட ஓர் அம்மாவுக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். வசூலுக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே சொல்கிறது. ஆண்களையும், வசதி இருந்தும் கட்ட மறுத்தாலோ சொத்தை நேர்மையற்ற முறையில் மறைத்தாலோதான், விளக்கம் கேட்டபின் சிவில் சிறையில் வைக்க முடியும். இல்லாதவனைச் சிறையில் அடைக்க அங்கே வழி இல்லை. வங்கிக் கணக்கை முடக்கலாம், வீட்டை ஜப்தி செய்யலாம், உங்களுக்குப் பணம் தர வேண்டியவரிடமிருந்தே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உடுத்த துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், விவசாயியின் ஏர்க்கருவிகளும் மாடும், பிஎஃப் பணம் ஆகியவற்றைத் தொட முடியாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையையும் தொட முடியாது. நம் ஊரில் அது தாலி. 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் தரும் இந்தப் பாதுகாப்பு வரி வசூலுக்கும் பொருந்தும்.

அந்த அம்மாவின் உண்மையான கேள்வி வேறு. இறந்துபோன கணவரின் வரிப் பாக்கியைத் தான் கட்ட வேண்டுமா என்பதே அது. பிரிவு 159இன்படி, கணவர் விட்டுச் சென்ற சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகளின் பொறுப்பு. அவர் எதையும் விட்டுச் செல்லவில்லை என்றால் இவருடைய சம்பளத்திலிருந்தோ பிறந்த வீட்டு நகையிலிருந்தோ எடுக்க முடியாது. ஆனால் சும்மா இருந்துவிடக் கூடாது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கொடுத்து, இணையதளத்தில் சட்டப்படியான பிரதிநிதியாகப் பதிந்து, சொத்து விவரத்தைத் தெரிவிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தில் இருக்கும் பெண்களும் உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்க இரண்டு டைரக்டர் வேண்டும் என்று மனைவி பெயரைப் போட்டுவிடுகிறார்கள். கோவையிலும் திருப்பூரிலும் இது சர்வசாதாரணம். கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வரியைப் பிரிவு 179 அந்த டைரக்டர்களிடம் சொந்தமாகக் கேட்கும். என் கவனக்குறைவால் இது நேரவில்லை என்று அவர் நிரூபித்தால்தான் விடுதலை. கையெழுத்துப் போட்டதைத் தவிர அந்தக் கம்பெனியைப் பற்றி எதுவும் அறியாத பெண்கள் அவர்கள். கையெழுத்துக்கு முன் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது ஆடிட்டர்களின் கடமை. எங்கள் தொழிலில் போதுமானவர்கள் அதைச் செய்வதில்லை.

பாக்கியின் அசலைக் குறைத்துத் தீர்க்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். நம் நாட்டில் அதற்கு நிரந்தர வழி இல்லை. அவ்வப்போது திட்டம் வரும். 2020இலும் 2024இலும் விவாத் சே விஷ்வாஸ் வந்தது. வழக்கில் இருந்த வரியைக் கட்டினால் வட்டியும் அபராதமும் நீங்கும் என்றார்கள். 2024 பிப்ரவரியில் பழைய சிறு பாக்கிகளை அரசே நீக்கியது: 2010-11 மதிப்பீட்டு ஆண்டு வரை ஒவ்வொன்றும் 25,000க்கு உட்பட்டவை, அடுத்து 2015-16 வரை 10,000க்கு உட்பட்டவை, ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் வரை. 1962 வரை பின்னோக்கிப் போகும் பாக்கிகள் ஏட்டில் கிடந்தன என்று நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். நல்ல செயல். உங்கள் பெற்றோர் பெயரில் பழைய பாக்கி இருந்தால் அது நீங்கிவிட்டதா என்று இணையதளத்தில் இன்றே பாருங்கள்.

அமெரிக்காவில் அசலையே குறைத்து ஏற்கும் நிரந்தர ஏற்பாடு இருக்கிறது. வரி செலுத்துபவரின் வருமானம், சொத்து, அத்தியாவசியச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, இவரிடமிருந்து நியாயமாக இவ்வளவுதான் பெறமுடியும் என்று துறை ஒப்புக்கொள்ளும். குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வாதாடும் வரி உதவி மையங்களும் அரசு நிதியுதவியோடு அங்கே நடக்கின்றன. இங்கே 2003இல் வருமான வரிக் குறைதீர்ப்பாளர் என்ற பதவியை உருவாக்கினார்கள். மக்கள் இணையம் வழியே புகார் செய்கிறார்கள், இனி தேவையில்லை என்று 2019 பிப்ரவரியில் அமைச்சரவை அதை மூட முடிவு செய்தது. அது தவறான முடிவு என்பதே என் கருத்து. அதிகாரியை நேரில் பார்க்காமலே நடக்கும் முகமறியா மதிப்பீடு வந்து ஊழல் குறைந்திருக்கலாம். ஆனால் கணினி இல்லாத, ஆங்கிலம் தெரியாத ஒருவர் போய் உட்கார்ந்து “இது என்னன்னு பாருங்கய்யா” என்று கேட்கும் நாற்காலியும் அதோடு போய்விட்டது. வரி செலுத்துபவரை நேர்மையானவராகவே கருத வேண்டும் என்று சொல்லும் 2020ஆம் ஆண்டின் வரி செலுத்துவோர் சாசனம் அவருக்குத் தமிழில் போய்ச் சேர வேண்டாமா?

ஆகவே இந்தக் கல்லூரியிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். வணிகவியல் இறுதியாண்டு மாணவர்கள் இங்கே பல நூறு பேர் இருக்கிறீர்கள். ரிட்டர்ன் தாக்கல் நடக்கும் ஜூன், ஜூலையிலும், நோட்டீஸ்கள் வரத் தொடங்கும் பிறகான மாதங்களிலும் சனிக்கிழமை தோறும் ஓர் உதவி மேசை நடத்துங்கள். ஊரிலுள்ள ஆடிட்டர் ஒருவர் முறைவைத்து மேற்பார்வைக்கு வரட்டும். முதல் முறை நான் வருகிறேன். ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது உங்கள் வேலை ஆக வேண்டாம். யாருடைய பாஸ்வேர்டையும் வாங்காதீர்கள், எழுதி வைக்காதீர்கள். ஓடிபி அவர்கள் கையிலேயே இருக்கட்டும். வருகிறவரின் நோட்டீஸை வாங்கி, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, எவ்வளவு தொகை, என்றைக்குள் பதில் என்ற நான்கையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 26ஏஎஸ்ஸைத் திறந்து அவரையே பார்க்கச் சொல்லுங்கள். திருத்த மனுவுக்கும் தவணை மனுவுக்கும் மாதிரி வரைவுகளை நான் எழுதித் தருகிறேன். இரண்டும் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. முதல்வர் சம்மதித்தால் வருகிற ஜூன் முதல் சனிக்கிழமையே தொடங்கலாம்.